யோவ்காவின் லேத்

வாசல் கதவில் ஒட்டியிருந்த இரங்கல் தாளை நெவேனா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பசை காய்ந்து இறுகியிருந்தது. அம்மாவின் படம் கதவிலேயே நின்றுவிட, அதன் கீழிருந்த வரிகள் மட்டும் துணுக்குத் துணுக்காகக் கையோடு வந்தன. உள்ளே சவப்பெட்டியை எடுப்பதற்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தம்பி பிளாமென் படியிறங்கி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்னக்கா பண்றே? தெருவே பாக்குது."

"பாக்கட்டும். இதை எழுதினது யாரு, நீயா?"

"அச்சுக்கடையில கேட்டாங்க, சொன்னேன். இதுல என்ன தப்பு?"

"'குடும்பத்துக்காகவே வாழ்ந்த அன்பான இல்லத்தரசி.' அம்மா என்னைக்குடா வீட்டுல உக்காந்திருந்தா?"

"எல்லாருக்கும் அப்படித்தானே போடுவாங்க."

"அதைத்தான் கேக்கறேன். எல்லாருக்கும் போடறதை ஏன் அம்மாவுக்குப் போட்டே?"

பிளாமென் உதிர்ந்து கிடந்த தாளைக் குனிந்து பொறுக்கினான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்தும் நெவேனாவுக்கு இரக்கம் வரவில்லை.

அவர்களுடைய அம்மா யோவ்கா, லேத்தில் இரும்பைக் கடையும் டர்னர். கப்ரோவோ நகரில், யான்த்ரா ஆற்றங்கரைத் தொழிற்சாலையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே லேத் மெஷின் முன்னால் நின்றவள். தொழிற்சாலையை மூடி மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, தன்னுடையதை லாரியில் ஏற்றும்வரை கேட்டருகே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அப்புறம் சில வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவினாள். அதற்குப் பிறகு யார் யாருடைய பட்டறையிலோ, தேய்ந்துபோன மெஷின்களோடு மல்லுக்கட்டினாள். தொழிலை மகளுக்கும் கற்றுக்கொடுத்தாள். இந்த வசந்தத்தில், பிறந்த வீட்டுப் பங்காக வந்த திராட்சைத் தோட்டத்தை விற்று ஒரு புது லேத் வாங்கினாள். யாரையும் கேட்கவில்லை. ஆர்டர் கொடுத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் மெஷினை இறக்கினார்கள். தாயும் மகளும் உருளைக்குழாய்களை அடியில் கொடுத்து, இஞ்ச் இஞ்சாகத் தள்ளி, புதிதாகப் போட்ட காங்கிரீட்டின் மேல் நிறுத்தினார்கள். மறுநாள் காலை மட்டம் பார்த்தார்கள். யோவ்கா தரையில் முழங்காலிட்டுக் கால் போல்ட்டுகளைத் திருக, நெவேனா மேலே ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மயிரிழை உன் பக்கம்மா."

"இப்ப?"

"இப்ப நடுவுல நிக்குது."

"அப்படி நில்லுடி என் ராசாத்தி," என்று யோவ்கா மெஷினைத் தட்டிக்கொடுத்தாள். எழுந்து, மெஷின் வந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். நெவேனா தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவள் மெஷின்மேல் சாய்ந்திருந்தாள். ஸ்பானர் மடியில் கிடந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அந்த இரும்பு அவளை விழுங்கிவிட்டதாம்.

அடக்கம் செய்த இடத்தில் பாதிரியார் யோவ்காவை அடக்கமும் பணிவும் உள்ள கடவுளின் ஊழியக்காரி என்றார். பட்டறை முதலாளி ஒருவன் கூலியைக் குறைத்தபோது, அவன் மேஜைமேலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தவள் அவள். வேகவைத்த கோதுமையைச் சர்க்கரையோடு கிண்ணங்களில் கொடுத்தபோது, வாங்கிய பெண்கள் எல்லோரும் வழக்கப்படி, "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சொல்தான். ஆனால் அன்று ஒவ்வொரு முறை காதில் விழும்போதும், எதற்கு மன்னிக்க வேண்டும் என்று நெவேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்ததும் முற்றத்தில் மேஜைகளைப் போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். பீன்ஸ் சூப்பும் சிவப்பு ஒயினும். யோவ்கா போடும் மிளகாய் ஊறுகாயைப் பற்றிப் பேசினார்கள். அவள் பின்னிக் கொடுத்த காலுறைகளைப் பற்றிப் பேசினார்கள். ராத்கா அத்தை, அப்பாவின் அக்கா, "அவ கைப்பக்குவம் இனி யாருக்கு வரும்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கை வேறு என்ன செய்தது என்று யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்களா என்று நெவேனா காத்திருந்தாள். அப்பா மின்கோ மேஜைத் தலைமாட்டில், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ரொட்டி வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்சே குறைவு.

பிளாமென் மேஜையில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே தம்பியோடு, கையில் ஒயின் கிளாசுடன், தடித்த ஒருவர் நின்றிருந்தார். ஸப்ரியான், பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருப்பவர். மெஷின்மேல் பூசியிருந்த துருக்காப்பு கிரீஸை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவைகூட ஓட்டலையே?" என்று கேட்டார்.

"சுவிட்சே போடலை," என்றான் பிளாமென்.

"ஓட்டாததுன்னா பேசினபடியே எடுத்துக்கறேன். ஓட்டிட்டா அது வேற பேச்சு."

நெவேனா உள்ளே வந்தாள். "இன்னும் நம்ம செருப்புல கல்லறை மண்ணு காயலையேடா."

"அக்கா, சத்தம் போடாதே. அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டியா?"

"இதைப் பாத்துக்கிட்டு இந்த வீட்டுல நான் எப்படி நடமாடறது? இது அம்மாவைக் கொன்னுடுச்சு."

"படிக்கட்டு கழுவினாளே, அங்க விழுந்து செத்திருந்தா? படிக்கட்டைப் பேத்து வித்திருப்பியா? அப்ப எங்கடா போச்சு இந்தப் பாசம்? அவ முட்டி வீங்கி வந்து நின்னப்ப ஒரு பய கேக்கலை. தனக்குன்னு ஒண்ணு வாங்கினதும் அது கொலைகாரனாயிடுச்சு."

அவள் அதோடு நிறுத்தவில்லை. மூலையில் இருந்த மண்ணெண்ணெய் டின்னை எடுத்து, பழந்துணியை நனைத்து, மெஷினின் தலைமாட்டிலிருந்து கிரீஸைத் துடைக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி, துடைக்காதீங்க, அது அப்படியே இருந்தாத்தான்…" என்று ஆரம்பித்த ஸப்ரியான், துணிக்கடியில் இரும்பு பளபளத்து வெளிப்படுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிளாசை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "துக்க வீட்டுக்கு யாவாரம் பேச வந்தது என் தப்பு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிளாமென் டின்னைப் பிடுங்க வந்தான். அவள் விடவில்லை. டின் தளும்பி மண்ணெண்ணெய் அவனுடைய புதுக் கறுப்புச் சட்டையில் கொட்டியது. அவன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு கதவோரம் போய் நின்றுகொண்டான்.

நெவேனா எல்லா இடத்தையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவினாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது குமிழி சற்று நகர்ந்திருந்தது. புது மெஷின் உட்கார உட்கார அப்படித்தான் நகரும், திரும்பப் பார்க்கணும் என்று அம்மாவே சொல்லியிருந்தாள். தரையில் முழங்காலிட்டுப் போல்ட்டைத் திருகுவாள், எழுந்து குமிழியைப் பார்ப்பாள், மறுபடி முழங்காலிடுவாள். மேலே நின்று சொல்ல ஆளில்லை. குமிழி நடுவுக்கு வந்து நின்றதும் நட்டுகளை இறுக்கினாள். கியர்ப் பெட்டியில், அளவு காட்டும் கண்ணாடியின் கோடுவரை எண்ணெய் ஊற்றினாள். கடைய வேண்டிய இரும்பைக் கவ்விச் சுழலும் 'சக்' பிடியைக் கையால் சுற்றிப் பார்த்தாள், எங்கும் இடிக்கவில்லை. இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் கைப்பிடியை வைத்து சுவிட்சைப் போட்டாள்.

சக் சரியான திசையில், சோம்பலாகச் சுழன்றது. அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு ஓசை கொட்டகையை நிறைத்தது. முற்றத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

ராத்கா அத்தை வேகமாக வந்தாள். "உனக்குப் புத்தி பிசகிடுச்சா? இன்னைக்குத்தானா இதை ஓட்டணும்? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இத்தனை நேரம் ஊறுகாயைப் பத்திச் சொல்லிச்சில்ல அத்தை. இனி இதைப் பத்தியும் சொல்லட்டும்."

"அவ ஆத்மா எப்படிடி சாந்தியடையும்?"

"அவ ஆத்மாவைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அத்தை பிளாமெனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

சற்று நேரம் கழித்து மின்கோ வந்தார். பிளாமெனைக் கடந்து மெஷினருகே வந்து நின்றார். சுழலும் சக் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் வெட்டலையே. சும்மா எதுக்கு ஓடுது?"

"புதுசுப்பா. உள்ள இருக்கற கியர்ப் பல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகணும். மெதுவா ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டணும். தலைப்பக்கம் சூடேறுதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"எங்க தொடணும்?"

நெவேனா அவர் கையைப் பிடித்து, சக்குக்குப் பின்னாலிருந்த இரும்புத் தலைமேல் வைத்தாள்.

"வெதுவெதுப்பா இருக்கு," என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஏறும். கை தாங்கற சூட்டுல நின்னுட்டா நல்ல மெஷின்."

"அப்பா," கதவோரத்திலிருந்து பிளாமென் கூப்பிட்டான். "எல்லாரும் உங்களுக்காகக் காத்துட்டிருக்காங்க."

"சாப்பிடச் சொல்லு," என்றார் மின்கோ.

நெவேனா மெஷினை நிறுத்தினாள். சக் ஓயும்வரை பொறுத்திருந்து, கைப்பிடியை அடுத்த வேகத்துக்குத் தள்ளி, மறுபடியும் சுவிட்சைப் போட்டாள். ஓசை சற்று உயர்ந்து, பிறகு சீரானது. மின்கோ கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, மற்றக் கையையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.