மெஷினுக்கு லீவு

என் கணவருக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் வராது. பஸ் ஓட்டுகிறவர், கை காட்டினால் நிறுத்தியே பழக்கம். அவர் பக்கத்து உறவில் யார் கேட்டாலும், "கொண்டு வாங்க, அவ தச்சுக் குடுத்துடுவா" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். தைப்பது நான்.

வாரம் முழுக்கத் தைக்கிற காசு வாடகைக்கும் மகளின் பள்ளிக்கும் சரியாகப் போய்விடும். ஞாயிறு ஒன்றுதான் மூவரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள். அதையும் சொந்தக்காரர்கள் இலவசமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிறு மகளுக்குச் சைக்கிள் பழக்குவதாகப் பேச்சு. பல வாரமாகத் தள்ளிப்போன பேச்சு. காலையிலிருந்தே அவள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாத்தனார் மூட்டையோடு வந்து இறங்கினார். ஆறு ஜன்னல் திரைகள். எல்லாமே நீளம் அதிகமாம்.

"சும்மா ஓரம் அடிக்கிறதுதானே? தம்பிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தவில்லை. தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக் கணவர் கையில் வைத்தேன்.

"சரின்னு சொன்னது நீங்க. பழைய ஓரத்தை நீங்க பிரிங்க, அப்புறம் நான் தைக்கிறேன்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். முதல் திரை முடிவதற்குள் சிரிப்பு போய்விட்டது. இரண்டாவதில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். மூன்றாவதில் மகள் வந்து நின்றாள்.

"இன்னைக்கும் இல்லையாப்பா?"

அதே நேரம் அவர் போன் அடித்தது. அவருடைய சித்தி மகன்.

"அண்ணே, நாலு பேன்ட் இருக்கு. அடுத்த ஞாயிறு கொண்டு வரட்டா?"

இவர் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நாங்க வெளியூர் போறோம்டா."

"பொய் எதுக்கு?" என்றேன், போனுக்கும் கேட்கட்டும் என்று. "வீட்லதான் இருப்போம்னு சொல்லுங்க."

போனை மறு காதுக்கு மாற்றினார். "வீட்லதான்டா இருப்போம். ஆனா ஞாயித்துக்கிழமை மெஷினுக்கு லீவு. செவ்வாய்க்கிழமை வா. கூலியும் எடுத்துட்டு வா."

அதோடு நிற்பார் என்றுதான் நினைத்தேன். நான் சொல்லாமலே அக்காவுக்கும் போன் போட்டு அதையே சொன்னார். அந்தப் பக்கம் எழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா கோவிச்சுக்கிட்டு வச்சிடுச்சு" என்றார், முகம் சுண்டிப்போய்.

"திரை இங்கதானே இருக்கு, வருவாங்க" என்றபடி மெஷினை மூடினேன்.

தெருவில் மகள் தள்ளாடித் தள்ளாடி மிதித்தாள். இவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

"கையை விட்டுடாதப்பா!"

"முடியாது, விட முடியாது!" என்று கத்தினார்.

வார்த்தை தடங்கலே இல்லாமல் வந்தது.