தேக்காவில் காதுகுத்து

கைக்குழந்தைகளோடு சுற்றிப் பார்க்க சிங்கப்பூரைப் போலத் தோதான ஊர் கிடையாது என்று போய் வந்தவர்கள் எல்லாம் சொல்வார்கள். ரயில் நிலையத்துக்கு நிலையம் லிஃப்ட் உண்டு, கட்டடத்துக்குக் கட்டடம் பிள்ளைக்குத் துணி மாற்ற இடம் உண்டு. எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் இரட்டைப் பிள்ளைகளை ஒரே தள்ளுவண்டியில் உட்காரவைத்து, புருஷன் மேல் கொலைவெறியோடு அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தவள் நிரஞ்சனா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கோபம் சும்மா வரவில்லை. அவள் புருஷன் ஷங்கர் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். சிங்கப்பூரில் சரக்குக் கிடங்குகள் நடத்தும் பாலகிருஷ்ணன் என்பவரிடம் பெரிய ஒப்பந்தம் ஒன்றை முடிக்க அவனை அனுப்பினார்கள். அந்த மனுஷனுக்குக் குடும்பஸ்தர்களைத்தான் பிடிக்குமாம், வரும்போது குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தாராம். ஷங்கர் அதையா பெண்டாட்டியிடம் சொல்வான்? "உங்க அண்ணனைப் பார்த்து நாலு வருஷம் ஆச்சே, பாவம். நீயும் பிள்ளைங்களும் என்கூட வாங்க" என்றான். நிரஞ்சனாவும் உருகிப்போய் பெட்டி கட்டினாள்.

அண்ணன் அழகர்சாமி சிங்கப்பூரில், துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். ஆதவனும் ரக்ஷனாவும் பிறந்ததிலிருந்து மாமன் அவர்களைப் பார்த்ததெல்லாம் போனில்தான். அடுத்த மாதம் மதுரையில் இரண்டு பிள்ளைகளுக்கும் காதுகுத்து வைத்திருந்தார்கள். மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்தப் பத்திரிகையில் 'தாய்மாமன்' என்று போட்ட இடத்தில் இருந்தது அழகர்சாமியின் பெயர் அல்ல. நிரஞ்சனாவின் பெரியப்பா மகன், ஜவுளிக்கடை முதலாளி வெங்கட்டின் பெயர்.

இது மாமியார் தங்கத்தின் ஏற்பாடு. "பெரிய மனுஷங்க நாலு பேர் வர்ற சபை. வெல்டர் மடியில உக்கார வெச்சா குத்துறது? வெங்கட்டும் அண்ணன் முறைதானே?" என்றுவிட்டாள். கூடப்பிறந்தவன் கல்லு மாதிரி உயிரோடு இருக்கும்போது ஒன்றுவிட்டவன் மடியாம்! நிரஞ்சனா புருஷன் முகத்தைப் பார்த்தாள். "அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றான் அவன். என்ன இது? அந்த இது என்னவென்று இன்றுவரை அவன் விளக்கவில்லை.

சிங்கப்பூர் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் நல்ல மழை. வேலை முடிந்த கையோடு அண்ணன் ஹோட்டலுக்கே வருவதாகச் சொல்லியிருந்தான். நிரஞ்சனா மேலே அறையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று கீழே போன ஷங்கர் ஒரு பையோடு தனியாகத் திரும்பி வந்தான்.

"உங்க அண்ணன் குடுத்துட்டுப் போயிட்டார்."

"மேல வரலையா? பிள்ளைங்கள பாக்கலையா?"

"ஏதோ அவசரமாம்."

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஆமா பாப்பா, ஒரு வேல வந்துருச்சு. இன்னொரு நாளு பாப்போம்" என்றான். குரல் சரியில்லை. பையைப் பிரித்தால் பிள்ளைகளுக்குப் பட்டுத்துணி, ஒரு பாக்கெட் முறுக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு நகைப்பெட்டி. அதில் இரண்டு ஜோடித் தங்கக் கடுக்கன். மறுபடி போன் போட்டாள்.

"பத்திரிகையில பேரு போடலேன்னா என்ன பாப்பா? மாமன் செய்யவேண்டியத மாமன்தான செய்யணும். ஊருக்குக் கொண்டுபோய் அன்னைக்குப் போட்டுவிடு" என்றான் அழகர்சாமி.

அன்றைக்கு அவள் அழுததோடு சரி. வயிறு எரிய ஆரம்பித்தது மறுநாள் காலையில்தான்.

ஷங்கரோடு வேலைக்கு வந்திருந்த ருக்ஸானா காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெள்ளந்தியாகக் கேட்டாள். "ஷங்கர், நேத்து மழையிலயும் டெலிவரி கரெக்டா வந்துடுச்சே, எந்த ஆப்? பாவம், அந்த ஆள் தொப்பலா நனைஞ்சிருந்தார். நீங்க பையை வாங்கிட்டு, 'ஓகே, தேங்க்ஸ்'னு சொல்லி என்கூட லிஃப்ட்ல ஏறிட்டீங்க. கதவு மூடுற வரைக்கும் அங்கேயே நின்னு பார்த்துட்டு இருந்தார்."

ஆதவனுக்கு ஊட்டப்போன கவளம் நிரஞ்சனாவின் கையிலேயே நின்றது. ஷங்கர் காபிக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அறைக்கு வந்ததும் அவனே ஆரம்பித்தான். "பாலகிருஷ்ணன் சார் கம்பெனி ஆளுங்க சுத்தி நின்னாங்க நிரா. அந்த பூட்ஸும் யூனிஃபார்முமா வந்து நிக்கிறார். என்னன்னு அறிமுகப்படுத்தச் சொல்ற?"

"மச்சான்னு சொல்லியிருக்கலாம்."

"டீல் முடியட்டும். அதுவரைக்கும் அவரைப் பார்க்கிறதெல்லாம் வேணாம், போன்ல பேசிக்கோ. உனக்குத்தான் பார்க்க எவ்வளவு இடம் இருக்கு!"

நிரஞ்சனா கத்தவில்லை, தட்டு டம்ளர் எதையும் வீசவில்லை. இருடா, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டினாள்.

பிறகென்ன, சுற்றினாள். பறவைப் பூங்காவில் பிள்ளைகள் பஞ்சவர்ணக்கிளியைப் பார்த்துக் கைதட்டினார்கள். இவள் கிளியைப் பார்த்தாள், கதவு மூடும்வரை நனைந்து நின்ற அண்ணன்தான் தெரிந்தான். கடற்கரைப் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் செயற்கை அருவி கொட்டியது. ஆதவன் அதன் முன்னால் தரையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். ரக்ஷனா அவனுக்குப் போட்டியாக ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தாள். அவ்வளவு அழகான ஊரை இவ்வளவு ஆத்திரத்தோடு பார்க்கும்படி ஆயிற்றே என்று அதற்கும் சேர்த்து ஷங்கரைத் திட்டினாள். சாயங்காலம் அவன் வந்து "இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்டபோதெல்லாம் சிரித்த முகமாகவே பதில் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவன் பயந்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் பெண்டாட்டி முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்க வேண்டுமே.

சனிக்கிழமை சாயங்காலம் அவனே வாயைக் கொடுத்தான். "நாளைக்குப் பகல் பூரா எனக்கு வேலை. நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் மீன் காட்டு. ஆறு மணிக்கு பாலகிருஷ்ணன் சார் நம்ம லாபிக்கு வர்றார், ஃபேமிலியைப் பார்க்கணுமாம். பிள்ளைங்களுக்கு நல்ல டிரஸ்ஸாப் போட்டுக் கொண்டுவந்து காட்டு. ஆனா ஒண்ணு, லிட்டில் இந்தியாவுல அந்த தேக்கா பக்கம் மட்டும் போயிடாதே. ஞாயித்துக்கிழமை அங்க ஒரே வேலையாட்கள் கூட்டமா இருக்கும்."

அதுவரைக்கும் தேக்கா என்ற யோசனையே அவளுக்கு இல்லை. இப்போது வந்துவிட்டது.

ஞாயிறு காலை அண்ணனுக்குப் போன் போட்டாள். "குளிச்சுட்டு வேட்டி கட்டிக்கிட்டு தேக்கா மார்க்கெட்டுக்கு வா. எதுக்குன்னு கேக்காத."

லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், அவன் சொன்ன கூட்டம் இருக்கத்தான் செய்தது. லீவு நாளில் காய்கறி வாங்கவும், ஊருக்குப் போன் பேசவும், சேக்காளியைப் பார்க்கவும் வந்த ஆம்பளைகள். பிள்ளை வண்டியைக் கண்டதும் தானாக விலகி வழி விட்டார்கள். படி வந்த இடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெற்ற அப்பன் இந்த நாலு நாளில் அந்த வண்டியை ஒருதரம் தொட்டிருப்பானா? மார்க்கெட் வாசலில் வெள்ளை வேட்டியோடு அழகர்சாமி நின்றிருந்தான்.

மாமனைப் பார்த்ததும் ரக்ஷனா அம்மாவின் சுடிதாருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆதவன் மட்டும் தாவிப்போய் மீசையைப் பிடித்து இழுத்தான். "வலிக்குதுடா மருமகனே" என்று சொன்ன அழகர்சாமியின் கண் கலங்கிவிட்டது. வலி மீசையில் இல்லை என்று தங்கச்சிக்குத் தெரியும்.

அவள் பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்தாள். "அண்ணே, இன்னைக்கே குத்துறோம். உன் மடியில."

அவன் அரண்டுபோனான். "மாப்ளைக்குத் தெரியுமா?"

"உன்ன டெலிவரிக்காரனாக்கிட்டுப் போன ஆளுகிட்ட உத்தரவு வாங்கிட்டா செய்யச் சொல்ற?"

அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆதவனின் தொப்பியைச் சரி செய்தான். "வேணாம் பாப்பா. என்னால உங்களுக்குள்ள சண்டை வரக்கூடாது."

"யாரு உனக்காகச் செய்யிறா? எனக்கு வயிறு எரியுதுண்ணே. அது அடங்கணும், எனக்காகத்தான் செய்யிறேன். ஒருதரம் குத்தினா குத்தினதுதான, அப்புறம் மண்டபத்துல எவன் மடிய விரிச்சு என்ன? நீ மடிய மட்டும் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அழகர்சாமியும் மனுஷன்தானே, நனைந்துகொண்டு நின்றது அவனுக்கும் மறந்திருக்குமா? "சரி, வா" என்றான். குரலில் தயக்கமே இல்லை.

பக்கத்துத் தெருவில் காது குத்தும் நகைக்கடை ஒன்று இருந்தது. "அப்பா வரலையா?" என்று கடைக்காரர் கேட்டார். "அவர் மீட்டிங்ல இருக்கார்" என்றாள் நிரஞ்சனா. அதில் ஒரு பொய்யும் இல்லை. அழகர்சாமி ஸ்டூலில் உட்கார்ந்து, பட்டுத்துணி கட்டிய ஆதவனை மடியில் வைத்து அணைத்துக்கொண்டான். வாயில் வாழைப்பழத்தைத் திணித்த மறுநொடி ஊசி இறங்கியது. ஆதவன் அலறினான். அவனைப் பார்த்து, தன் முறை வருவதற்கு முன்பே ரக்ஷனா அலற ஆரம்பித்தாள். அவளையும் மாமன் மடியில் அழுத்திப் பிடித்துக் குத்தியாயிற்று. இரண்டு ஜோடிக் கடுக்கனும் ஏறியாயிற்று. பிள்ளைகள் அழ அழ, நிரஞ்சனாவுக்கு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்த வயிற்றில் மோர் வார்த்தது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஷங்கர் போன் செய்தான். "என்ன நிரா, பிள்ளைங்க இப்படிக் கத்துறாங்க?"

"பெரிய மீனைப் பார்த்துப் பயந்துட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்புறம் பூக்கடையில் மூன்று மாலை வாங்கினாள். சந்தனம், குங்குமம், ஒரு பித்தளைத் தட்டு, பட்டுவேட்டி துண்டு எல்லாம் வாங்கி வண்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சொன்ன நேரத்துக்கு ஹோட்டல் லாபிக்குள் நுழைந்தாள். ஷங்கர், ருக்ஸானா, பாலகிருஷ்ணன் மூவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல டிரஸ் போட்டுக் காட்டு என்றான் அல்லவா? இரண்டு பிள்ளைகளும் பட்டு உடுத்தி, மாலை போட்டு, காதில் தங்கம் மின்ன மாமனின் இரண்டு தோளிலும் சாய்ந்து வந்தார்கள். ஷங்கர் முகத்தில் ஈயாடவில்லை.

"வணக்கம் சார்" என்று நேரே பாலகிருஷ்ணனிடம் போனாள் நிரஞ்சனா. "ஃபேமிலியைப் பார்க்கணும்னு சொன்னீங்களாமே. இவர் என் கூடப்பிறந்த அண்ணன், துவாஸ்ல வெல்டர். இன்னைக்குத்தான் தேக்காவுல பிள்ளைங்களுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில."

"இவர்... அன்னைக்கு மழையில..." என்று ருக்ஸானா வாயைப் பிளந்தாள்.

"அவரேதான்" என்றாள் நிரஞ்சனா.

பாலகிருஷ்ணன் எழுந்து நின்றே விட்டார். "நல்ல விஷயம் லா!" என்றார் சிங்கப்பூர்ப் பேச்சில். " எனக்கும் எங்க மாமா மடியிலதான் குத்தினாங்க. இப்ப யாரு இதெல்லாம் ஒழுங்கா செய்யறாங்க?" அழகர்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஷங்கர் பக்கம் திரும்பி, "மாமனுக்கு மரியாதை செஞ்சாச்சா?" என்றார்.

"அதுக்குத்தான் சார் அவர் கைக்காகக் காத்துட்டு இருக்கோம்" என்று நிரஞ்சனா வண்டிக்கு அடியிலிருந்து தட்டை எடுத்துப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

ஷங்கர் அவளைப் பார்த்த பார்வையில் ஊரையே கொளுத்தியிருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் போடவேண்டிய மனுஷர் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். என்ன செய்வான்? எழுந்தான். விரலில் சந்தனத்தை எடுத்து மச்சான் கையில் பூசினான், குங்குமம் வைத்தான், மாலையைப் போட்டான், வேட்டியையும் துண்டையும் தட்டோடு இரண்டு கையாலும் கொடுத்தான். அழகர்சாமி நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டான். நிரஞ்சனா ஒன்றுவிடாமல் படம் எடுத்து, குடும்பம் மொத்தமும் இருக்கிற வாட்ஸாப் குழுவில் போட்டாள். 'பிள்ளைகளின் அப்பா தாய்மாமனுக்கு மரியாதை செய்கிறார்' என்று கீழே எழுதவும் மறக்கவில்லை.

ஷங்கரின் போன் அடித்தது. அம்மா. அவன் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

"அம்மாவா? எடுங்க, எடுங்க. நல்ல சேதி கேட்க ஆசையா இருப்பாங்க" என்றார் பாலகிருஷ்ணன்.

எடுத்தான். தங்கத்தின் குரலுக்கு ஸ்பீக்கர் எதற்கு? "ஏன்டா, அந்த வெல்டர் மடியில வெச்சா குத்துனீங்க? நீயும் நின்னு சந்தனம் பூசுற! உனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா?" என்று மதுரையிலிருந்து கேட்டது லாபி முழுக்கக் கேட்டது.

பாலகிருஷ்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. ஷங்கர் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்தார்.

"ஆமாம்மா" என்றான். "நான்தான் முன்னால நின்னு நடத்தினேன். கூடப்பிறந்த மாமன் இருக்கும்போது வேற யார் மடியில வெச்சுக் குத்துறது?"

"அப்ப மண்டபம்? வெங்கட்டுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

நிரஞ்சனா குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"அத்தை, மண்டபத்த விட்டுறாதீங்க. வெங்கட் அண்ணன் மடி சும்மாதான இருக்கும், உங்க மகன உக்கார வெச்சு இன்னொருதரம் குத்திருவோம்."

பாலகிருஷ்ணன்தான் முதலில் வெடித்துச் சிரித்தார், அப்புறம் ருக்ஸானா, அப்புறம் அழகர்சாமி. ஷங்கரும் சிரித்தாக வேண்டியிருந்தது.