கரகரப்பின் அளவு

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. நான் அப்போது வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். மிகவும் கனமான கதை. அதில் யாரும் சிரிக்கமாட்டார்கள், அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரே கிட்டார் துண்டு, திரும்பத் திரும்ப. முதலில் கழுவிவைத்த டம்ளர் போலச் சுத்தமாக. அப்புறம் கரகரவென்று. அப்புறம் வேறு மாதிரிக் கரகரவென்று. பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் தோளிலிருந்து கிட்டாரைக்கூட இறக்கவில்லை. "நல்ல வேளை வந்தீங்க. வெளியாள் ஒருத்தர் வேணும். கேட்டுட்டுச் சொல்லுங்க, ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு" என்றேன். சண்டை போட வந்தவன் நடுவராக உட்கார்ந்துவிட்டேன். மற்றதையெல்லாம் அவளும் அவள் தம்பியும் பிறகு சொன்னார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். (எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே மறந்துவிட்டது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலை வெயில் மரத்தரையில் மெல்லச் சாய்ந்து, அவளுடைய'

அவர்கள் வீட்டில் மரத்தரை இல்லை. அடுத்து இப்படி: 'குரல் என்பது மனிதனின்'

இது கதை இல்லை, இருமல் மருந்து விளம்பரம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வருகிறவர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவு, ஒன்றா இரண்டா என்று நாள் முழுக்கக் கேட்பது வேலை. கணவர் நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர், வீட்டிலும் மாஸ்டர்தான். தண்ணீருக்குள் தலையை விட்டிருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று வருஷக்கணக்காகக் கத்தியதில் குரல் நாணில் முடிச்சு விழுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். குரல் திரும்பி வந்தது, ஆனால் பழைய குரல் வரவில்லை. தணிந்து பேசினால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் ஏற்றினால் உப்புத்தாளால் கதவைத் தேய்க்கிற மாதிரி இருக்கும். கத்துகிற வேலைக்கு ஒரு விசில் வாங்கிக்கொண்டார். பாட்டுக்கு விசில் போதாது.

அதற்கு முன்பெல்லாம் அவர் காய் நறுக்கிக்கொண்டே பாடுவார். அவள் சாப்பாட்டு மேஜை மேல் ஏறி உட்கார்ந்து வாசிப்பாள். அவளிடம் இருப்பது வால்வு போட்ட ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி. தண்ணீர் மாதிரி தெளிந்த ஒலி. தாராளமாகப் பாடலாம் என்று மருத்துவர் சொன்ன வாரம், அவர் ஒரு வரியை எடுத்தார். மேலே போகும்போது குரல் உடைந்தது. அந்தத் தெளிந்த கிட்டாருக்குப் பக்கத்தில் அது வெள்ளை வேட்டியில் காபி கொட்டியதுபோல் பளிச்சென்று தெரிந்தது. அவள் வாசிப்பை நிறுத்தினாள். அவர் சிரித்துவிட்டு மிக்ஸியைப் போட்டார். அத்தோடு சரி, அதற்கப்புறம் வந்த மூன்று பிறந்தநாள்களுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

அவள் யோசித்தாள். அவர் குரலைச் சுத்தமாக்க முடியாது. கிட்டாரை அழுக்காக்கலாமே.

3

வால்வு ஆம்புக்கு ஒரு குணம். சத்தத்தை நன்றாகத் திறந்துவிட்டால் தானே கரகரக்கும். ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டில் (அதாவது என் வீட்டில்) பாத்திரம் உருளும். சின்னச் சத்தத்திலேயே கரகரப்பு வேண்டுமென்றால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே ஓவர்டிரைவ் பெடல் வேண்டும். காலால் மிதிக்கிற சின்னத் தகரப் பெட்டி.

அவள் தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பெடல் பைத்தியம். (இந்தத் தம்பியின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைக்குத் தேவையானதெல்லாம் பையில் வைத்திருக்கும் ஆளை நம்பக்கூடாது. அவனை நீக்கி ஒரு தடவை எழுதினேன். பெடல் வந்து சேரவில்லை. மறுபடி சேர்த்துக்கொண்டேன்.) அவன் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து, ஜாதகம் சொல்வதுபோல் ஒவ்வொன்றின் குணத்தையும் சொன்னான்.

பச்சைப் பெட்டி நடு ஸ்தாயிச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். கூட்டத்திலும் அக்காவின் கிட்டார் தனியாகத் தெரியும் என்றான்.

"தனியாத் தெரியறதுதாண்டா இங்க பிரச்சினை" என்றாள் அவள். வாசித்துப் பார்த்தாள். ஆண்குரல் வந்து உட்காரவேண்டிய இடத்தில் பச்சை முன்னாலேயே கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

ஆரஞ்சுப் பெட்டி பெரிய மேடைக்கு ஆனது. வீட்டுச் சத்தத்தில் டப்பாவுக்குள் மாட்டிய குளவி மாதிரி இரைந்தது. சாம்பல் நிறம் மட்டும் வேறு ஜாதி. மெதுவாகத் தொட்டால் ஆம்பின் சொந்தக் குரல் அப்படியே இருந்தது. அழுத்தி மீட்டினால் ஓரத்தில் கரகரப்பு எட்டிப் பார்த்தது. தணிந்தால் தெளிவு, ஏற்றினால் உடைசல். அவளுக்கு யார் ஞாபகம் வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நான் ரெண்டு என்றேனே, அது இந்தச் சாம்பல்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

4

மாஸ்டரிடம் அவள் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. புதுச் சத்தம் வேண்டும் என்று மட்டும் சொல்லி, அவரையே உட்காரவைத்து ஒன்றா இரண்டா கேட்டாள். அவரும் ஒன்று, இரண்டு என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிதான் வாய் தவறி, சாம்பல்தான் மாமா குரலுக்கு ஜோடி என்று அக்கா முடிவு பண்ணிவிட்டதாகச் சொல்லிவிட்டான்.

மாஸ்டர் தேநீரைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தன நாளா எனக்குத்தான் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு இருந்தியா?"

அவள், இல்லை, அது வந்து, என்று ஏதோ தொடங்கினாள். அவர் குரலை ஏற்றவில்லை.

"அன்னிக்குக் குரல் உடைஞ்சதுக்கு நான் வருத்தப்படல. குளத்துல தெனம் உடையுது. நீ வாசிக்கறத நிறுத்திட்டு என்னப் பாத்தே பாரு, ஆஸ்பத்திரியில பாத்த மாதிரி. அதுக்கப்புறம் எப்படிப் பாடுறது?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டார். அன்று குளத்துக்கு விடுமுறை. தம்பி லிஃப்ட் ஏதோ நின்றுவிட்டதாகச் சொல்லி நழுவினான். அவள் மூன்று பெட்டிகளையும் பையில் போட்டுக் கட்டிவைத்துவிட்டு, சமையலறையில் வெகுநேரம் நின்றாள். தன் முகம் அப்படி இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. நாள் பூராவும் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவளுக்குத் தன் பார்வை போன இடம் தெரியவில்லை.

5

மறுநாள் சாயங்காலம் அவள் பெடல் இல்லாமல் வெறும் ஆம்பில் வாசித்தாள். அவர் வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, சாம்பல் பெட்டி எங்கே என்று கேட்டார். கட்டிவைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"எதுக்கு? நான் கோச்சுக்கிட்டது உன்மேல. பெட்டி என்ன பண்ணுச்சு? நல்லாத்தானே இருந்துச்சு."

பையை அவிழ்த்து, கம்பியைச் செருகி, தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கரகரப்புக் குமிழை அவள் வைத்திருந்த இடத்திலிருந்து பாதிக்கு இறக்கினார். "இவ்வளவு போதும். நான் அவ்வளவு மோசமில்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் பாட ஆரம்பித்துவிட்டார். கீழ்வரி சுத்தமாகப் போனது. மேல்வரியில் உடைந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி அழுத்தி மீட்டினாள், கிட்டாரும் கூடவே உடைந்தது. இரண்டும் நிற்காமல் மேலே போயின. சுவருக்கு இந்தப் பக்கம் என் கனமான கதையில் அன்று ஒருவர் இறப்பதாக இருந்தது. தள்ளிப்போட்டேன்.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் குளத்தில் ஆண்டு விழா வருகிறது. மாஸ்டர் பாடுவதாகப் பெயர் கொடுத்துவிட்டார். ஒரு முடிவு எழுதினேன்: குரல் பழையபடி திரும்பி, கூட்டம் எழுந்து நின்று. அவளிடம் படித்துக் காட்டினேன். பொய் என்றாள். இன்னொன்று: ஆம்ப் தண்ணீரில் விழுந்து. தம்பிக்கு நெஞ்சு வலித்தது. மூன்றாவதில் மாஸ்டர் கடைசி நிமிஷம் மேடையிலிருந்து இறங்கி, அவளிடம்

வேண்டாம். விழா நாளைக்கு; கதையை இன்றைக்கே கொடுக்க வேண்டும். முடிவை உங்களிடம் விட்டுவிட்டு நான் போய் இடம் பிடிக்கிறேன்.

குளத்துப் படியில் உட்காருங்கள். படி ஈரமாக இருக்கும், பார்த்து. எந்தப் பாட்டு என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பைத் தண்ணீருக்கு எட்டத் தள்ளி வையுங்கள். வெட்டவெளிதானே, சத்தத்தைத் திறந்துவிட வேண்டும் என்றாலும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் என் பொறுப்பில் சொல்கிறேன்: மேல்வரியில் அவர் குரல் உடையும். அப்போது நீங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்களோ, அதுதான் முடிவு.