மாப்பிள்ளை வீட்டு நடை

என் தம்பி கலைவேந்தனுக்குப் பெண் தேடித் தேடி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செருப்பு தேய்ந்துவிட்டது. ஒருவழியாகப் பாகூரில் மஞ்சுளா அமைந்தாள். மாப்பிள்ளைத் துரை சும்மா இருப்பானா? கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு பசங்களோடு வாலிபால் ஆடப் போய், எகிறிக் குதித்துக் கணுக்காலை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். எலும்பு நன்றாக இருக்கிறது, ஜவ்வுதான் கிழிந்திருக்கிறது. கட்டுப் போட்டு, ஐஸ் வைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்க வேண்டும், நடக்கக் கூடாது. "எலும்பு முறியல இல்ல, அப்புறம் இன்னா படுக்கை?" என்று அம்மா அன்றைக்கே கட்டை அவிழ்த்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி அழுத்தி உருவிவிட்டாள். மறுநாள் கால் பூசணிக்காய் ஆகியிருந்தது.

பெண் வீட்டுக்குத் தெரிந்தால் நொண்டி மாப்பிள்ளை என்று கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்களே! அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் தாய்மாமன் வீரப்பன் வாயைத் திறந்தார். மாமாவுக்கு மூளை உண்டு. அது வேலை செய்யும்போதுதான் எங்களுக்குப் பயம்.

"அவன் ஒருத்தன் தாங்கி நடந்தாத்தான தெரியும்? நாம எல்லாருமே லேசா தாங்கி நடந்தா எவன் கண்டுபுடிக்கப் போறான்?"

"மாமா, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றேன்.

"நீ சும்மா இருடி செல்வகுமாரி. பெரியவங்க பேசிகினு இருக்கோம்."

மாப்பிள்ளை அழைப்பன்று மண்டப வாசலில் காரை விட்டு இறங்கினோம். லேசாக என்றால் எங்கள் ஆட்களுக்குப் புரியுமா? அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா ஒரு காலை இழுத்தே போனார். மாமாவோ மூன்று பேரின் நொண்டலை ஒரே ஆளாக நொண்டினார். சீர்த்தட்டோடு நானும் சாய்ந்து சாய்ந்துதான் போனேன், வேறு வழி?

பெண்ணின் அப்பா அரங்கநாதன் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

"இன்னா சம்பந்தி, குடும்பமே சாய்ஞ்சிகினு வருது? பரம்பரை வியாதியா? மறைச்சிட்டீங்களே! எம் பொண்ணுக்குப் பொறக்கற புள்ளைங்க கதி இன்னா? இந்தக் கல்யாணம் வேணாம்பா!"

அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். கலைவேந்தன் பட்டு வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினான். "வாலிபால் ஆடி ஜவ்வு கிழிஞ்சிடுச்சி மாமா. எனக்கு மட்டுந்தான். அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப நேரா நடந்து காட்டச் சொல்லு!"

மானம் கப்பலேறியது. பெண் வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, நாங்கள் வாசலுக்கும் மேடைக்கும் ஒவ்வொருவராக நடந்து காட்டினோம். அப்பா தேறினார். சித்தப்பா தேறினார். கடைசியில் வந்த மாமாவால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. நடித்த நடிப்பில் தொடைச்சதை நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா! பாத்தியா!" என்று அரங்கநாதன் குதித்தார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மஞ்சுளா கூல்டிரிங்க்ஸ் தொட்டியிலிருந்து ஐஸை அள்ளித் துண்டில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் ஸ்கூல்ல கோகோ ஆடி ஜவ்வு கிழிஞ்சவதான்பா. நீ கத்தறத வுட்டுட்டு ரெண்டு சேர் எடுத்தாந்து போடு," என்று தன் அப்பாவை அதட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "இம்மாம் வீக்கத்தோட இவரு நின்னுகினே இருக்காரு. உக்கார வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க நாங்கள் அவனிடம் "நடந்துடுவியா, நடந்துடுவியா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு நாற்காலியில் அவனை உட்காரவைத்து, இன்னொன்றில் அவன் காலைத் தூக்கி வைத்து, ஐஸ் துண்டை மெதுவாகச் சுற்றினாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

வாலிபால் கேப்டன், முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, அத்தனை பேர் முன்னாலும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தலையாட்டினான்.