துரிசுக்கு எத்தனை தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஞானசிங்குக்கு எது பொறுத்தாலும் தப்பான பெயர் பொறுக்காது. தக்கலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவர். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும்போது "இந்தக் களிம்பு போகமாட்டேங்குது" என்று நான் முனகினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்: "களிம்பு இல்லட்டி, பேசிக் காப்பர் கார்பனேட்." காப்பர் ஆக்சைடு என்று மொட்டையாகச் சொன்னால் சண்டைக்கே வருவார். கறுப்பா, சிவப்பா? கறுப்பென்றால் குப்ரிக், சிவப்பென்றால் குப்ரஸ். "உங்க குப்ரிக்கையும் குப்ரஸையும் கொண்டுபோய் அடுப்பில போடுங்க" என்று நானும் கத்தியிருக்கிறேன்.

அந்த வாய் மாசி மாதம் அடைத்துப்போனது. பக்கவாதம். கையும் காலும் மெல்லத் திரும்பின, பேச்சு வரவில்லை. "நீங்க சொல்றதெல்லாம் அவருக்கு விளங்கும். பேசிக்கிட்டே இருங்க, வந்தா வரும்" என்றார் நாகர்கோவில் டாக்டர். வராவிட்டால் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பட அட்டையைக் காட்டி "இது பசு, இது குடை" என்று சொல்லிப் பார்த்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபையார் வந்து ஜெபித்துப் பாடினார்கள். அவர் கண் மட்டும் கலங்கியது. துபாயிலிருந்து மகன் ரிஜோ தினமும் வீடியோவில் "அப்பா, நான் ரிஜோ" என்பான். வீட்டில் அப்படியொரு அமைதி. கர்த்தாவே, எனக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்தது.

மழைக்கு முன் நல்லமிளகுக் கொடிகளுக்கு மருந்தடிக்க ஷாஜன் வந்தான். துரிசும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்குகிற மருந்து. காப்பர் சல்பேட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் துரிசு. மயில்துத்தம் என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். முற்றத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தேன். பிளாஸ்டிக் வாளியில் துரிசு கரையக் கரையத் தண்ணீர் நீலமாயிற்று.

"இது காப்பர் ஆக்சைடு தானே மாமி?" என்றான் ஷாஜன்.

நாற்காலிக் கையில் படாரென்று ஒரு தட்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஷாஜனை முறைத்துக்கொண்டிருந்தார். அடப் பாவமே, இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் அவரிடம் சரியானதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்!

அந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கல்லூரி ஆய்வகம் நினைவு வந்தது. துரிசைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீலம் வெளிறி வெள்ளைப் பொடியாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்ப வந்துவிடும். எனக்கு அது தீராத ஆசை, திரும்பத் திரும்பச் செய்வேன். ஆனால் ரெக்கார்டில் CuSO₄·6H₂O என்று, துரிசுக்குள் ஆறு தண்ணீர் இருப்பதாக, எழுதி வைத்துவிட்டேன். பெண்களை ஏறிட்டும் பாராத ஒருவன் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "அஞ்சு" என்றான். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "உமக்கென்ன?" என்று நான் பாய்ந்தேன். "நீ ஆறுன்னு எழுதல்லேன்னா நமக்குக் கல்யாணமே இல்ல கேட்டியா" என்று பிற்பாடு எத்தனை முறை சொல்லியிருப்பார்!

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஷாஜா, இது காப்பர் சல்பேட். இதுக்குள்ள ஆறு தண்ணியாக்கும்" என்றேன் உரக்க.

அவர் உதடு துடித்தது. "அ... அ..." கழுத்து நரம்பு புடைத்தது. ஷாஜன் கலக்குவதை நிறுத்திவிட்டான்.

"ஆறுதான். நான் அப்பமே எழுதினேன்லா?"

"அஞ்சு."

கரகரத்த குரல். காதில் விழுந்ததை நம்பாமல், "என்னது? ஆறா?" என்றேன்.

"அஞ்சுட்டி!"

கோபத்தில் கண் உருண்டது. நான் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரிக்கவும் செய்தேன். ஷாஜன் ஒன்றும் புரியாமல் "சார் பேசிட்டாரு மாமி!" என்று கத்தினான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி, குப்ரஸ் ஆக்சைடு கறுப்பு தானே?" என்று கேட்டேன்.

அன்று முழுவதும் நான் தப்பாகவே பேசினேன்.