காயம் எதுவும் இல்லை

சர்க்கரை கம்மி என்று தாரணியின் காபி அடுக்களைக்குத் திரும்பி வந்தபோது, தமயந்தி ஒற்றைக் கையால் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் இடது கை. மூடி நழுவாமலிருக்க வலது முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். கொதிக்கிற கஞ்சி நாலு சொட்டு கால்மேல் விழுந்தது. கத்தவில்லை. கத்தினால் ஆறுதல் வராது, வசவுதான் வரும்.

"அடிபட்ட புள்ள, வாய்க்கு ருசியா குடிக்கட்டும். இன்னும் ஒரு ஸ்பூன் போடு" என்று மாமியார் சுப்புலக்ஷ்மி டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடிபட்ட புள்ள. முழங்கையிலிருந்து விரல்கணு வரைக்கும் தமயந்தியின் வலது கையில் மூங்கில் பட்டை வைத்துப் புத்தூர் கட்டு போட்டிருந்தது. மூன்று வாரமாகியும் அதிலிருந்து முட்டை வெள்ளைக்கருவும் எண்ணெயும் சேர்ந்த வாடை போகவில்லை. விரல்கள் வீங்கி, சுண்டுவிரல் மரத்தே போயிருந்தது. ஆனால் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டைப் பொறுத்தவரை அடிபட்டவள் ஒருத்திதான், அவள் இளைய மருமகள் தாரணி.

அடிபட்டது இரண்டு பேருக்கும் ஒரே காரில், ஒரே நொடியில். சுப்புலக்ஷ்மியின் தம்பி மகளுக்கு வைட்ஃபீல்டில் வளைகாப்பு. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஐந்து வகைச் சாதம் கிளறியவள் தமயந்தி. போனில் கார் புக் செய்தவள் தாரணி. பாதி வழியில், அடுத்த சவாரிக்காக டிரைவர் போனைத் துழாவிய நேரத்தில், நின்றிருந்த தண்ணீர் லாரியில் கார் போய் முட்டியது. முன்சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு தாரணியின் இடது கால் முறிந்தது. புளியோதரை அடுக்கு கவிழாமல் இருக்க அதை வலது கையால் அணைத்துப் பிடித்திருந்த தமயந்தியின் மணிக்கட்டு, அடுக்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கியது.

தாரணி வலியில் அழுதாள். அழுதுகொண்டே செய்யவேண்டியதை ஒன்று விடாமல் செய்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே காருக்குள் நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். சவாரி விவரத்தைப் போனில் பத்திரப்படுத்தினாள். கார் கம்பெனிக்குச் சொன்னாள், போலீசுக்குச் சொன்னாள், ஆம்புலன்சை அழைத்தாள். நமக்கு ஏன் இதெல்லாம் தெரியாமல் போயிற்று என்று அந்த வலியிலும் தமயந்தி பொறாமைப்பட்டாள். அவளுக்குத் தெரிந்தது அடுக்கைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

சின்ன மகன் பாலகுமாரோடு ஓடிவந்த சுப்புலக்ஷ்மி கேட்ட முதல் கேள்வி, "சாதம் கொட்டிடுச்சா?" என்பது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தாரணி ஆபீஸ் இன்ஷூரன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்காவையும் கூட்டி வரச் சொல்லி ஸ்ட்ரெச்சரிலிருந்து அவள் சொன்னதற்கு, இவளுக்கு ஏது இன்ஷூரன்ஸ், வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே என்று மாமியாரிடமிருந்து பதில் வந்தது. தமயந்தி ஆட்டோவில் புத்தூர் கட்டு போடுகிற கடைக்குப் போனாள். எக்ஸ்ரே இல்லை, சீட்டு இல்லை. டயர் கடையிலிருந்து சாயங்காலம் வந்த கணவன் சண்முகம் கட்டைத் தடவிப் பார்த்து, அம்மா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் இளைய மருமகளின் எலும்பு பொன், மூத்தவளின் எலும்பு மண்.

அதிலிருந்து தமயந்தி பொறாமையைத் தின்று பொறாமையைக் குடித்தாள். தாரணியின் வெள்ளை மாவுக்கட்டின்மேல் ஆபீஸ் தோழிகள் பூவும் பொம்மையும் வரைந்துவிட்டுப் போனார்கள். பழக்கூடை வந்தது. அதிலிருந்து ஒரு கிவிப் பழத்தை எடுத்து, அடுக்களை மூலையில் நின்று திருட்டுத்தனமாகத் தின்று பார்த்தாள். பிடிக்கவில்லை. பிடிக்காத பழத்தின்மேல்கூட பொறாமை வருமா என்றால், வந்தது. தாரணியின் கால் சீக்கிரம் குணமாகக் கூடாது என்று ஒருநாள் சாமி முன்னால் நின்றபோதே நினைத்துவிட்டு, பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லாவற்றையும் பொறுத்தாள், சீப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. தினமும் காலையில் சுப்புலக்ஷ்மி கட்டில்மேல் உட்கார்ந்து தாரணிக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். உடைந்தது கால், கைக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பின்னிவிடுவாள். ஒற்றைக் கையால் கொண்டை போடக்கூட வராத தமயந்தியின் தலை மூன்று வாரமாகச் சடை விழுந்து கிடந்தது. ஏன் இப்படிப் பரட்டையாகத் திரிகிறாய் என்று கேட்டார்களே தவிர, இங்கே வந்து உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு, தாரணி கேட்டிருந்த நஷ்டஈடு விஷயமாக, கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை ஆள் முனிராஜ் வந்தார். கார் மோதியதில் அந்த அம்மாவுக்கு அடிபடவே இல்லை, பிறகு இறங்கும்போது தானாகவே விழுந்தாள் என்று டிரைவர் மாற்றிச் சொல்லிவிட்டானாம். கூட வந்தவரின் சாட்சி வேண்டும். பாலகுமார் முன்தினமே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் டைப் அடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். மூன்று வாரமாக யாருக்கும் தேவைப்படாத தமயந்தி இப்போது தேவைப்பட்டாள்.

"ஒந்தே ஒந்து சைன் மேடம், அஷ்டே" என்று கன்னடத்தில் ஆரம்பித்த முனிராஜ், ஒரே ஒரு கையெழுத்துதான் என்று ஒரு விரலைக் காட்டினார்.

தமயந்தி காகிதத்தைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் தினம் கரும்பலகையில் குறள் எழுத டீச்சர் கூப்பிட்டது அவளைத்தான். அவ்வளவு அழகான கையெழுத்து. பி.காம். முடித்தவள். கார் எப்படி மோதியது, தாரணிக்கு எங்கே அடி என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தது. கடைசி வரியில், கூடப் பயணம் செய்த தமயந்தி, இல்லத்தரசி, இவருக்குக் காயம் எதுவும் இல்லை என்றிருந்தது.

கட்டைப் பார்த்து, கைக்கு என்ன என்று முனிராஜ் கேட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டாள் என்று சுப்புலக்ஷ்மி முந்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாத கையைச் சொன்னால், இருக்கிற காலின் மேலும் சந்தேகம் வரும் என்று பாலகுமார் சொல்லிக்கொடுத்திருந்தான். தாரணி போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கையால் எப்படிக் கையெழுத்துப் போடுவது? முனிராஜ் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். சுப்புலக்ஷ்மி மருமகளின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். விரல் காகிதத்துக்கு மேலே வந்துவிட்டது.

"இருங்க. படிச்சவங்களா?" என்றார் முனிராஜ்.

"பி.காம்." என்றாள் தமயந்தி.

"படிச்சவங்க கைநாட்டு வெச்சா, எதனாலன்னு பக்கத்துல எழுதணும். ரூல்ஸ்." பேனாவைத் திறந்தார். "பாத்ரூம்ல வழுக்குனதுன்னு எழுதிக்கட்டுமா?"

தமயந்தி மாமியாரின் பிடியிலிருந்து விரலை உருவிக்கொண்டாள்.

"நான் சொல்றேன் சார், எழுதுங்க. போன மாசம் பதினாலாம் தேதி, காலையில பத்தேகால். அந்தக் கார்லதான் ஒடைஞ்சுது. அதான் கைநாட்டு."

"ஏய்" என்றாள் சுப்புலக்ஷ்மி, சத்தமில்லாமல்.

முனிராஜின் பேனா அப்படியே நின்றது. பக்கத்தில் இதை எழுதினால் மேலே காயம் இல்லை என்பது பொய். பாத்ரூம் என்று எழுதினால் இவள் சொல்வது பொய். அவர் கட்டிலைப் பார்த்தார். எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். பாத்ரூம் என்று தாரணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய கேஸ் சிக்கலில்லாமல் அவள் பக்கம் முடிந்துவிடும்.

தாரணி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். தேடவே இல்லை, படம் உடனே வந்தது. அன்றைக்குக் காருக்குள் எடுத்தது. சாய்ந்த முன்சீட்டு, அதன் மேல் புளியோதரை அடுக்கு, அடுக்கை விடாமல் பிடித்தபடி மணிக்கட்டுக்குக் கீழே திரும்பிக் கோணிய ஒரு கை.

"மூணு வாரமா வச்சிருக்கேன் சார்" என்றாள். தமயந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நானாதான் சொல்லியிருக்கணும்."

முனிராஜ் டைப் அடித்த பக்கத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். காயம்பட்டவர்கள் இருவர் என்று தொடங்கி எழுதினார். இன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள், விபத்து என்றே பதியச் சொல்லுங்கள், தாமதம் ஏன் என்று கேட்பார்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். தாரணியின் பெயரும் தன் பெயரும் ஒரே அளவு எழுத்தில் மேலும் கீழுமாக இருந்ததைத் தமயந்தி இரண்டு தடவை பார்த்தாள். பிறகு தானே மைப்பெட்டியில் விரலை வைத்து, தானே அழுத்தினாள்.

அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியதும் சுப்புலக்ஷ்மி திரும்பினாள். "குடும்பத்து மானத்த வாங்கியாச்சு. அடுப்புல குழம்பு தீயுது, போய்ப் பாரு."

தமயந்தி போகவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில், தாரணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சடை விழுந்த முடியை அவிழ்த்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும். அந்தச் சீப்ப எடு தாரணி, உனக்குக் கை நல்லாத்தானே இருக்கு."

தாரணி சீப்பை எடுத்தாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாடை கூடத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சுப்புலக்ஷ்மி அடுக்களைக்கு நடந்தாள்.