மீனுக்குப் பசிக்கும் நேரம்

ஏரியில் கங்காருக்கள் இல்லை. ஆனாலும் அந்த ஏரி மீன்கள் என்ன தின்கின்றன என்ற கேள்விக்கு இரண்டு வருடமாகப் பதில் எழுதியவை கங்காருக்கள்தான் என்று ஃபாஹிமா பிற்பாடு நினைத்துக்கொண்டாள். பொழுது சாயும் நேரம் அவை சாலையில் பாயும். அதனால் வெளிவேலைக்குப் போகும் வாகனம் இருட்டுமுன் நெடுஞ்சாலைக்கு வந்துவிட வேண்டும் என்பது அலுவலகக் கட்டளை. எனவே அவள் மீன் பிடித்துப் பார்த்ததெல்லாம் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில். மீனுக்கு எப்போது பசிக்கும் என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மெல்பேர்னுக்கு மேற்கே இரண்டரை மணி நேரம் போனால், அணைந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிக் கிடக்கிறது அந்த ஏரி. வடக்குக் கரையில் ஒரு சிற்றோடை வந்து விழுகிறது. விழும் இடத்தில் விரல் நீளம்கூட இல்லாத, செதிலற்ற ஒரு பொடிமீன் இருக்கிறது. வேறெங்கும் அது கிடையாது. தூண்டில்காரர்களுக்காக ஏரியில் சால்மன் குஞ்சுகளை விட அரசாங்கம் விரும்பியது. பரீட்சையாக வருடத்துக்கு ஐந்நூறு குஞ்சுகளை விட்டு, அவை பொடிமீனைத் தின்கின்றனவா என்று பார்க்கும் வேலையை ஃபாஹிமாவிடம் கொடுத்திருந்தார்கள்.

வாளித் தண்ணீரில் சில துளி கராம்பு எண்ணெய் விட்டால் குஞ்சு மயங்கிச் சாயும். வாய்வழியே மெல்லிய குழாயை நுழைத்து நீரைச் செலுத்தினால், தின்றதெல்லாம் வெள்ளைத் தட்டில் வந்து விழும். பிறகு நல்ல நீரில் விட்டால் சற்று நேரத்தில் வாலை அடித்துக்கொண்டு போய்விடும். எண்ணெய் அளவு மிஞ்சினால் எழும்பாது. அந்த விஷயத்தில் ஃபாஹிமா மகா கண்டிப்பு. இரண்டு வருடத்தில் ஒரு குஞ்சைக்கூட அவள் சாகவிட்டதில்லை.

தட்டில் விழுந்தவை கொசுவும், ஈயும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகளும் மட்டுமே. அப்படியே அறிக்கை எழுதினாள். முதற்பக்கத்தில் அவள் பெயர். கணவன் நஸ்மி அதை வண்ணப் பிரதி எடுத்து டண்டினொங் வீட்டுக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டி, வருகிறவர் போகிறவரையெல்லாம் வாசிக்க வைத்தான். அந்த அறிக்கையை நம்பி, ஆறாயிரம் குஞ்சுகளைத் திங்கட்கிழமை ஏரியில் விட ஏற்பாடாகியிருந்தது.

அந்த ஆறாயிரத்தையும் முட்டையிலிருந்து வளர்த்தவர் ஈஸ்வரமூர்த்தி. குஞ்சுப் பண்ணையில் பதினெட்டு வருடம் வேலை செய்கிறவர். தீனி போட இயந்திரம் வந்த பிறகும் கையால்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர். மனிதர்களோடு அவ்வளவாகப் பேச்சில்லை. அந்தப் பேச்சையெல்லாம் மீன்தொட்டிக்கு மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை, லாரியைப் பின்பக்கமாக இறக்க இடம் பார்ப்பதற்காக அவரும் ஃபாஹிமாவும் ஏரிக்கு வந்தார்கள். ரமழான் மாதம். நாலு மணிக்கே வெளிக்கிடலாம் என்றார் அவர். ஓடும் காரில் நோன்பு திறக்க அவளுக்கு மனமில்லை. இன்றைக்கு மட்டும் இருட்டும்வரை நிற்போம், பிறகு மெதுவாக ஓட்டிப் போகலாம் என்று கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

சூரியன் கரைக்குப் பின்னால் இறங்கியது. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்து, ஃபிளாஸ்கிலிருந்த கஞ்சியை இருவருக்கும் ஊற்றினாள். கோப்பை வாய்க்குப் போகுமுன் ஓடை விழும் இடத்தில் தண்ணீர் கொதிப்பது போல் துள்ளியது. பகலெல்லாம் ஆழத்தில் கிடந்த சால்மன் குஞ்சுகள் மேலே வந்திருந்தன. வெள்ளிப் பொடிமீன்கள் சிதறி ஓட, அவற்றைத் துரத்தித் துரத்தி விழுங்கின.

அவள் கஞ்சியை வைத்துவிட்டு வலையை எடுத்தாள். பதினொரு குஞ்சுகள் அகப்பட்டன. ஈஸ்வரமூர்த்தி டோர்ச் பிடித்தார். ஒன்பதின் வயிற்றிலிருந்து பொடிமீன்கள் வந்தன. ஒன்றிலிருந்து மட்டும் ஏழு. கடைசியாக விழுந்தது தட்டில் இன்னும் துடித்தது.

மயக்கம் தெளிந்த குஞ்சுகளை அவள் ஒவ்வொன்றாக ஏரியில் விட்டாள். கஞ்சி ஆறிப்போயிற்று.

"ஒரு பின்னேரத்தை வச்சு என்னெண்டு பிள்ளை முடிவு சொல்லுறது?" என்றார் அவர் கடைசியில். "எங்கள் ரெண்டு பேருக்கும்தானே தெரியும்."

"தெரிஞ்சி போச்சே அங்கிள்" என்றாள் ஃபாஹிமா.

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, வழியெல்லாம் அவள் மனம் கிடந்து தவித்தது. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆறாயிரமும் ஏரிக்குப் போகும். அறிக்கை சுவரில் இருக்கும். ஓடையில் பொடிமீன் என்று ஒன்று இருந்ததை மெல்ல எல்லோரும் மறந்துபோவார்கள். சும்மா இருக்கத்தான் அவள் விரும்பினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாதி வழியில் ஜீலோங் நகரம் வரும்வரை அதையே விரும்பினாள்.

மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பிட எழும்பியவள் பிறகு தூங்கவில்லை. வாயைக் கட்டி வைத்துக்கொண்டு வயிற்றில் பொய்யைச் சுமக்கும் நோன்பு என்ன நோன்பு என்று தோன்றியது. விடிந்ததும் மேலதிகாரியை அழைத்துச் சொன்னாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. மற்ற மீன்களையெல்லாம் எத்தனை மணிக்குப் பிடித்தாய் என்று மட்டும் கேட்டாள். ஃபாஹிமாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

குஞ்சுகளை விடுவது நின்றது. அந்தக் குஞ்சுகளுக்கு அந்த ஒரு ஏரிக்குத்தான் அனுமதி. வேறு ஏரிக்கு அனுமதி கிடைக்க ஒரு வருடமாகும். அதுவரை தொட்டி தாங்காது. திங்கள் காலையிலேயே அவற்றைக் கொன்று முடித்துவிடும்படி உத்தரவு வந்தது. பெரிய குப்பி நிறையக் கராம்பு எண்ணெய் வேண்டும். நீ போகத் தேவையில்லை என்று நஸ்மி தடுத்தான். நான் எழுதியதால் வந்தது, நான்தான் போக வேண்டும் என்றாள். அவள் குப்பியோடு புறப்பட்டபோது, அவன் குசினிச் சுவரிலிருந்த தாளை மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பண்ணையில் ஈஸ்வரமூர்த்தி தொட்டி ஓரத்தில் நின்றார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டு ஆறாயிரமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவளை ஏறெடுத்துப் பார்க்காமலே பேசினார்.

"லொறியில ஏத்த வெறும் வயிறு வேணுமெண்டு சனிக்கிழமையில இருந்து ஒண்டும் போடேல்லை. பசியோட விட ஏலாது, பிள்ளை."

"போடுங்க அங்கிள். நான் நிக்கிறன்."

மூட்டையைப் பிரித்து, கை கையாக அள்ளி வீசினார். தண்ணீர் துள்ளியது. ஒரு மூலையில் நின்றவற்றுக்குக் கிடைக்கவில்லை என்று சுற்றிப் போய் அங்கேயும் வீசினார். வறண்ட நாக்கோடு, மூடி திறக்காத குப்பியை அணைத்துக்கொண்டு ஃபாஹிமா நின்றாள். அழுகை வந்தது. அடக்க முயலவில்லை.

மெல்ல மெல்லத் துள்ளல் அடங்கியது. கடைசிப் பிடித் தீனி தின்பாரில்லாமல் மிதந்தது. அவர் தூள் படிந்த கையைத் தட்டிவிட்டு, குப்பியைக் கேட்டு அவள் பக்கம் நீட்டினார். பிழை தன்னுடையது, தானே ஊற்றுவதாக அவள் சொன்னாள்.

"வேண்டாம், இஞ்ச தாங்கோ" என்றார். "என்ர கையாலதான் இவ்வளவு நாளும் திண்டதுகள். வேற கையெண்டா இதுகள் வெருளும்."